மூன்றாம் நாள் இரவும் ஓட வேண்டும்!
பெட்ரோலிலும் கேஸிலும் இயங்கும் வீட்டு ஜெனரேட்டரைத் தேர்வு செய்வது எப்படி?

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தென்னை விவசாயி நம் கேள்விப் பகுதிக்கு எழுதியிருந்தார். "கஜா புயலில் பட்ட பாடு போதும். இந்த ஐப்பசிக்கு முன் ஒரு சிறிய ஜெனரேட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும் என்று கடையில் ஒன்றைக் காட்டுகிறார்கள். அதை வாங்கலாமா? சமையல் சிலிண்டரையே மாட்டிக்கொள்ளலாமா? மழையில் நனையாமல் திண்ணையில் வைத்து ஓட்டலாமா?"

கேள்விகள் மூன்று. முதல் கேள்விக்கு, 'வாங்கலாம், ஆனால் கணக்குப் போட்டு வாங்குங்கள்' என்பது பதில். மற்ற இரண்டுக்கும் 'கூடாது' என்பதே பதில். ஏன் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால், வீட்டைக் காக்க வந்த எந்திரமே வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கு எமனாகிவிடும். ஆகவே மூன்றுக்கும் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நகரங்களுக்கு முதலில் மின்சாரம் வந்தது. உட்கிராமங்களும் தோப்பு வீடுகளும் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் பயிர்ச் சேதக் கணக்கெடுப்புக்காகக் கிராமம் கிராமமாகப் போனேன். விழுந்த தென்னையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "குடிக்கத் தண்ணீர் ஏற்ற வழியில்லை சார்" என்றுதான் மக்கள் சொன்னார்கள். வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிவந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள்.

சொந்தமாக ஜெனரேட்டர் வைத்திருந்த வீடுகளும் உண்டு. முதல் இரண்டு இரவுகள் அங்கே விளக்கு எரிந்தது. மூன்றாம் நாள் அந்த எந்திரங்களில் பல நின்றுவிட்டன. அவை பழுதாகவில்லை. பெட்ரோல்தான் தீர்ந்துபோனது. சாலையில் மரங்கள் கிடந்தன, திறந்திருந்த பங்க்குகளில் நீண்ட வரிசை. அன்று நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: முதல் நாளுக்கு எந்த ஜெனரேட்டரும் போதும். மூன்றாம் நாள் இரவும் ஓடுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு எரிபொருளில் ஓடும் எந்திரத்தின் பயனும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு எரிபொருள் எதற்கு?

பெட்ரோல் நாள்பட வைத்திருக்கத் தக்க பொருள் அல்ல. எளிதில் ஆவியாகிற பகுதி போய்விட்டால் ஸ்டார்ட் ஆவது கடினம். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும். சித்திரையில் ஊற்றிய பெட்ரோலை அப்படியே விட்டு, ஐப்பசியில் கயிற்றை இழுத்தால் எந்திரம் உறுமாது. கார்புரேட்டரில் பிசின் படிந்து ஜெட் அடைத்திருக்கும். "புது ஜெனரேட்டர், தேவைப்பட்ட அன்று ஓடவில்லை" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

கேஸ் அப்படிக் கெடாது. மூடிய சிலிண்டரில் ஒரு வருடம் இருந்தாலும் அதே கேஸ்தான். கார்புரேட்டரில் பிசினும் படியாது. பிளக்கில் கரி குறைவு, எஞ்சின் ஆயிலும் மெதுவாகவே கருக்கும். ஆகவே கேஸ் என்பது காத்திருக்கும் எரிபொருள். பெட்ரோல் என்பது புயல் எச்சரிக்கை வந்ததும் வாங்கிவைக்கும் எரிபொருள். ஒன்று தீர்ந்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

கேஸில் ஒரு குறையும் உண்டு. அதே எஞ்சின், பெட்ரோலில் தருகிற திறனைவிடக் கேஸில் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவாகத் தரும். கடைக்காரர் சொல்லும் எண் பெரும்பாலும் பெட்ரோலுக்கானது. நீங்கள் கேட்க வேண்டியது கேஸுக்கான எண்.

முதலில் ஒரு தாள், பிறகு கடை

எத்தனை கே.வி.ஏ. வாங்கலாம் என்ற கேள்வியோடு கடைக்குப் போகாதீர்கள். எது நின்றால் நஷ்டம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் டி.வி. ஓடாவிட்டால் நஷ்டமில்லை. குடிநீர் மோட்டார், பால் கறவை எந்திரம், கோழிக்குஞ்சு புரூடர் பல்பு ஆகியவை நின்றால் நஷ்டம் உண்டு.

தோராயமான கணக்கு இது:

• எல்.இ.டி. பல்பு ஒன்றுக்கு 9 வாட்
• சாதாரண மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி 30 முதல் 35 வாட்
• வீட்டு பிரிட்ஜ் ஓடும்போது சுமார் 150 வாட்
• மிக்ஸி 500 முதல் 750 வாட்
• அரை எச்.பி. மோட்டார் சுமார் 600 வாட்
• 1 எச்.பி. மோட்டார் சுமார் 1,100 வாட்

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மோட்டார் உள்ள எதுவும், அதாவது தண்ணீர்ப் பம்பு, பிரிட்ஜ், கறவை எந்திரம் போன்றவை, கிளம்புகிற ஒன்றிரண்டு விநாடிக்கு ஓட்டத்தில் எடுப்பதைப்போல மூன்று மடங்கு அல்லது அதற்கும் மேல் மின்சாரம் இழுக்கும். ஓடும்போது 1,100 வாட் எடுக்கும் 1 எச்.பி. மோட்டாருக்குக் கிளம்பும் நேரத்தில் 3,300 வாட் வேண்டும். அதைத் தாங்காவிட்டால் ஜெனரேட்டர் திணறி அணையும், அல்லது மோட்டார் சுற்றாமல் முனகிச் சூடேறி வைண்டிங் கருகும்.

எழுதிக் கேட்ட வாசகரின் வீட்டையே எடுத்துக்கொள்வோம். எட்டு பல்பு 72 வாட், மூன்று விசிறி 225 வாட், பிரிட்ஜ் 150 வாட் என்று வைத்துக்கொண்டால் 450 வாட்டுக்குள் முடிந்துவிடும். இதற்கு மிகச் சிறிய எந்திரமே போதும். கிணற்றிலுள்ள 1 எச்.பி. மோட்டாரைச் சேர்த்தால்தான் 3.5 கே.வி.ஏ.வுக்குக் குறையாத எந்திரம் தேவைப்படுகிறது. அந்த ஒரு மோட்டாருக்காகவே விலையும் எடையும் எரிபொருள் செலவும் கூடுகின்றன.

இங்கே ஒரு யோசனை. வீட்டுத் தொட்டிக்கு மட்டும் அரை எச்.பி. மோட்டார் ஒன்றைத் தனியாகப் பொருத்த உங்கள் கிணற்றின் ஆழம் இடம் கொடுக்குமா என்று பாருங்கள். அது கிளம்ப 1,800 வாட், மற்றவை 450 வாட். மொத்தம் 2,250 வாட். கேஸில் இவ்வளவு தரக்கூடிய எந்திரம் போதும். பெரிய ஜெனரேட்டருக்கும் சின்ன ஜெனரேட்டருக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் மோட்டாரே வாங்கிவிடலாம். அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் எரிபொருள் மிச்சம்.

எப்படியானாலும் மோட்டாரை முதலில் போடுங்கள். அது சீராக ஓடத் தொடங்கியதும் பிரிட்ஜ், பிறகு விசிறி, விளக்கு. எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டு ஜெனரேட்டரைக் கிளப்பாதீர்கள்.

அட்டையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

எந்திரத்தின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது உச்சத் திறன். அதைச் சில விநாடிகளுக்கு மட்டுமே தரும். பக்கவாட்டிலுள்ள தகட்டில் 'ரேட்டட்' என்று சிறிதாகப் பொறித்திருப்பதுதான் தொடர்ந்து தரக்கூடிய திறன். அதிலும் பெட்ரோலுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று என இரண்டு எண்கள் இருக்க வேண்டும். கேஸுக்கான எண் தகட்டிலோ கையேட்டிலோ இல்லையென்றால் அது தொழிற்சாலையில் செய்த இரட்டை எரிபொருள் எந்திரம்தானா, பெட்ரோல் எந்திரத்தில் கடையில் 'கிட்' மாட்டியதா என்று கேளுங்கள். கடையில் மாட்டியதைத் தவிர்ப்பது நல்லது. கேஸ் கசிந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், கம்பெனி வாரண்டியும் போய்விடும்.

கே.வி.ஏ. வேறு, கிலோவாட் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். 0.8 பவர் ஃபேக்டர் என்று தகட்டில் இருந்தால், 3 கே.வி.ஏ. எந்திரம் 2.4 கிலோவாட்தான் தரும்.

'இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்' என்று ஒரு வகையும் விற்கிறார்கள். நம் வீடுகளில் பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டர் அல்ல இது. மின்சாரத்தைச் சீராக்கித் தரும் மின்னணுப் பலகை பொருத்திய ஜெனரேட்டர். சத்தம் குறைவு, குறைந்த சுமையில் எரிபொருளும் குறைவு. கம்ப்யூட்டர், மருத்துவக் கருவி, பி.எல்.டி.சி. விசிறி வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் விலை அதிகம், மோட்டார் கிளம்பும் அதிர்ச்சியைத் தாங்கும் சக்தி குறைவு. தண்ணீர் மோட்டார்தான் முக்கியம் என்றால் ஏ.வி.ஆர். பொருத்திய சாதாரண வகையே போதும்.

எத்தனை நாள் ஓடும்?

சிறிய எஞ்சின்களுக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. 1 கிலோவாட் சுமைக்கு மணிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் பெட்ரோல், அல்லது அரை கிலோவுக்குச் சற்று மேல் கேஸ். எந்திரத்துக்கு எந்திரம் இது கொஞ்சம் மாறும்.

இரவு முழுவதும் ஓட்டத் தேவையில்லை. காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் கறப்பது, தொட்டி நிரப்புவது, பிரிட்ஜைக் குளிரவைப்பது, போனுக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றுவது எல்லாவற்றையும் அந்த நேரத்தில் முடித்துவிடலாம். மற்ற நேரத்தில் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். இரவு விளக்கையும் ஒரு விசிறியையும் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி முழுதாக ஏற 10 மணி நேரம் வரை ஆகலாம். நான்கு மணி நேரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஏறும். அதற்கேற்பச் செலவழியுங்கள்.

நாளுக்கு 4 மணி நேரம், சராசரி 1 கிலோவாட் சுமை என்றால் தேவை 3 லிட்டர் பெட்ரோல், அல்லது சுமார் 2.2 கிலோ கேஸ். 20 லிட்டர் பெட்ரோல் ஆறு நாளைக்கு மேல் வரும். 19 கிலோ சிலிண்டர் எட்டு நாளைக்கு வரும். இரண்டும் சேர்ந்தால் இரண்டு வாரம். கஜாவைப் போல ஒன்று மறுபடி வந்தாலும் பெரும்பாலான நாட்களைச் சமாளித்துவிடலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 300 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் பெட்ரோல் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதையும் இறுக மூடும் உலோகக் கேனில், வீட்டுக்கு வெளியே, நிழலில், அடுப்புக்கும் வைக்கோல் போருக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலும் பிளாஸ்டிக் குடத்திலும் பெட்ரோல் வாங்குவது ஆபத்து.

சமையல் சிலிண்டரை மாட்டலாமா?

கூடாது. வீட்டு இணைப்பில் தரப்படும் 14.2 கிலோ சிலிண்டர் சமையலுக்கு மட்டுமே உரியது. அதை ஜெனரேட்டருக்கோ வண்டிக்கோ பயன்படுத்துவது எரிவாயு வழங்கல் தொடர்பான அரசு ஆணைப்படி குற்றம். விபத்து நடந்தால் காப்பீடு கேட்பதிலும் சிக்கல் வரும். அதோடு, புயல் நேரத்தில் அடுப்புக்கு இருக்கும் ஒரே சிலிண்டரையும் ஜெனரேட்டருக்குக் கொடுத்துவிட்டுச் சோறு எப்படி ஆக்குவது?

வணிக உபயோகத்துக்கான 19 கிலோ சிலிண்டரைக் கேஸ் ஏஜென்சியில், ஜெனரேட்டருக்கு என்று சொல்லியே கேட்டு வாங்குங்கள். இணைப்பு இல்லாமலே கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரும் உண்டு. ஆனால் அது இரண்டு நாளைக்குத்தான் வரும். மேலும், சின்ன சிலிண்டரிலிருந்து வேகமாகக் கேஸ் இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி பூக்கும், அழுத்தம் குறையும், எந்திரம் திக்கித் திக்கி ஓடும்.

கேஸ் இணைப்பில் கவனிக்க வேண்டியவை:

• ஜெனரேட்டரோடு வரும் ரெகுலேட்டரும் டியூபும் நம் சிலிண்டரின் வால்வுக்குப் பொருந்துகின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். வெளிநாட்டு அளவில் வரும் ரெகுலேட்டர் இங்கே பொருந்தாது. அடுப்பு ரெகுலேட்டரை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.
• டியூபில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கட்டும். எஞ்சினின் சூடான சைலன்சரில் டியூப் உரசக் கூடாது.
• சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் திரவமாகவே வெளியேறும்.
• ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.
• கேஸ் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். கிணற்று மேடை ஓரம், மோட்டார் குழி, சாக்கடைப் பக்கம் சிலிண்டரை வைக்காதீர்கள்.

திண்ணையில் வைக்கலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கஜாவுக்குப் பிறகு ஒரு நாள், கணக்கெடுப்புக்குப் போன ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். "ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, பித்தம்" என்றார்கள். அடுத்த அறையை எட்டிப் பார்த்தால், தாழ்வாரத்தில் மழைக்குத் தார்ப்பாய் கட்டி உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உடனே அணைத்துவிட்டு, எல்லோரையும் திறந்தவெளிக்குக் கூட்டிவந்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு நாளில் தேறிவிட்டார்கள். கதவைச் சாத்தி எல்லோரும் தூங்கியிருந்தால் காலையில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. எரியும் எஞ்சின் எதுவானாலும் இது வெளியேறும். நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல், பிறகு தூக்கம். தூங்கியவர் எழுவதில்லை. 'கேஸில் ஓட்டினால் புகையே இல்லை, உள்ளே வைக்கலாம்' என்று சிலர் நம்புகிறார்கள். இது மிகவும் தவறு. கண்ணுக்குத் தெரியும் புகை குறையலாம், ஆனால் கேஸில் ஓடும் எஞ்சினிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். இன்னொன்று: சிலிண்டர் கேஸில் மணம் சேர்த்திருப்பதால் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். எஞ்சின் புகையில் உள்ள விஷத்தை எந்த மூக்கும் சொல்லாது.

ஆகவே வீடு, திண்ணை, தாழ்வாரம், மாட்டுக் கொட்டகை, மோட்டார் ரூம், கோழிப் பண்ணைக் கொட்டகை எதற்குள்ளும் ஜெனரேட்டர் ஓடக் கூடாது. சன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வீட்டுப் பக்கம் திரும்பாதபடி வையுங்கள். மழைக்கு, நான்கு கால் நட்டு மேலே மட்டும் தகரம் போட்டு, நான்கு பக்கமும் திறந்த ஒரு பந்தல் போதும். தண்ணீர் தேங்காதபடி ஒரு முழ உயரத்துக்கு மேடை கட்டுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிட்டால், புயல் இரவில் உள்ளே இழுத்துவைக்கும் எண்ணமே வராது. ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் வீட்டில் யாருக்காவது தலைசுற்றினால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள்.

வீட்டு வயரிங்கோடு இணைப்பது

இரு முனையிலும் பிளக் மாட்டிய வயரை வைத்து, வீட்டுச் சுவர் சாக்கெட்டிலேயே ஜெனரேட்டர் மின்சாரத்தைச் செலுத்துவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். இது கொலைக்குச் சமம். உங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் 230 வோல்ட், மின்கம்பி வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய், அங்கே தலைகீழாக 11,000 வோல்ட்டாக ஏறும். கம்பி அறுந்து தனியே கிடக்கும் பகுதியில், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கை வைக்கும் லைன்மேனின் கதி என்ன? புயலுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்து, தங்கள் வீட்டை விட்டுவிட்டு, நமக்காக வந்து கம்பத்தில் ஏறுகிறவர்கள் அவர்கள்.

இரட்டை முனைச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். பேஸ், நியூட்ரல் இரண்டையும் அது சேர்த்து மாற்ற வேண்டும். லைன் ஒரு பக்கம், ஜெனரேட்டர் மறுபக்கம். இரண்டும் ஒருபோதும் சேரக் கூடாது. தனி எர்த் கம்பியும் அடியுங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போதும் வீட்டிலுள்ள ஆர்.சி.சி.பி. வேலை செய்யுமாறு நியூட்ரல், எர்த் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஈரத் தரையில் நிற்கும் நேரத்தில் அதுதான் உயிர்க்காப்பு. இந்த வேலைக்கு ஆகும் செலவை ஜெனரேட்டர் விலையோடு சேர்த்தே திட்டமிடுங்கள்.

கடையில் ஒரு மணி நேரம்

• உங்கள் மோட்டார் அளவுக்குச் சமமான சுமையை மாட்டி, கேஸிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.
• ஓடும்போதே பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற்றலாமா, அணைத்துத்தான் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.
• ஆயில் குறைந்தால் தானாக அணையும் வசதி இருக்கிறதா?
• 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றது என்று கையேட்டில் இருக்கிறதா?
• வீட்டிலுள்ள பெண்களும் பெரியவர்களும் கிளப்ப முடியுமா? கயிறு கடினமென்றால் செல்ஃப் ஸ்டார்ட் வேண்டும்.
• மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று விவரம் எந்திரத்தில் இருக்கிறதா?
• சர்வீஸ் உங்கள் வட்டாரத்திலேயே கிடைக்குமா? பிளக், ஏர் ஃபில்டர், கேஸ் ரெகுலேட்டர் கையிருப்பில் உண்டா? விலை குறைவு என்று உதிரிபாகம் கிடைக்காத எந்திரத்தை வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு

முதல் 20 மணி நேர ஓட்டத்தில் ஆயிலை மாற்றுங்கள். பிறகு கையேட்டில் உள்ளபடி மாற்றினால் போதும். மாதம் ஒருமுறை 15 நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். ஓட்டி முடித்ததும் பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக அணையும்வரை விடுங்கள். டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோல் தங்க வேண்டாம், வண்டிக்கு ஊற்றிவிடுங்கள். ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். புரட்டாசி முடிவதற்குள் பிளக், ஃபில்டர், கேஸ் டியூப் மூன்றையும் பார்த்துவிட்டால் மழைக்காலத்துக்கு எந்திரம் தயார்.

வாசகர் கேள்விகள்

இலவச மின் இணைப்பிலுள்ள 5 எச்.பி. போர்வெல் மோட்டாரை இந்த ஜெனரேட்டரில் ஓட்டலாமா?

முடியாது. அது மூன்று பேஸ் மோட்டார். அதற்கு 10 கே.வி.ஏ.வுக்கு மேற்பட்ட மூன்று பேஸ் டீசல் ஜெனரேட்டர் வேண்டும். கையில் தள்ளும் ஜெனரேட்டர் வீட்டுக்கும் கொட்டகைக்கும் மட்டுமே. பாசனத்துக்கு அவசரம் என்றால் டீசல் எஞ்சின் பம்பு வாடகைக்கு எடுப்பது மலிவு.

எங்களிடம் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. அந்தக் கேஸை இதில் கொடுக்கலாமா?

நேரடியாகக் கொடுக்கக் கூடாது. சிலிண்டர் கேஸுக்கு அமைத்த ரெகுலேட்டரும் ஜெட்டும் சாண எரிவாயுவுக்குப் பொருந்தாது. அதில் மீத்தேன் பாதிக்குச் சற்று மேல்தான், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினை அரிக்கும். சாண எரிவாயுவுக்கென்றே செய்த ஜெனரேட்டரும், வாயுவைச் சுத்திகரிக்கும் அமைப்பும் தனியாக உண்டு. இல்லையென்றால் அந்த வாயுவை அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் இருக்கிறோம். இதே கணக்கு எங்களுக்கும் பொருந்துமா?

உயரம் கூடக் கூடக் காற்று மெல்லியதாகும், எஞ்சின் திறன் குறையும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ 3.5 சதவீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு. 2,100 மீட்டர் உயரத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். அதற்குத் தகுந்தாற்போல் பெரியதாக வாங்குங்கள். குளிர் இரவில் சிலிண்டரிலிருந்து கேஸ் வருவதும் மந்தமாகும்.

மாடியில் சோலார் போட்டும் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடுகிறது. ஜெனரேட்டரைச் சோலாரோடு சேர்க்கலாமா?

மின்வாரிய லைனோடு இணைந்த சோலார், லைனில் மின்சாரம் இல்லாதபோது தானாக நின்றுவிடும். லைன்மேனின் பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டரை அதனோடு சேர்த்து ஓட்டினால், சோலார் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்து கெடுத்துவிடும். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் சோலார் தனியாகத் துண்டிக்கப்படும்படி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அமையுங்கள்.

கோழித் தடுப்பூசி மருந்தை பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். நாளுக்கு 4 மணி நேர மின்சாரம் போதுமா?

போதும் என்று நம்பியிருக்க வேண்டாம். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது ஐஸ் கட்டி உறையவைத்து, மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். ஐஸ் கட்டி மருந்துக் குப்பியில் நேராகப் படாமல் துணி சுற்றி வையுங்கள். வெப்பம் ஏறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அந்த மருந்தைப் போடாதீர்கள்.

பட்டுக்கோட்டை வாசகருக்கு என் பதில் இதுதான்: முதலில் வீட்டுத் தொட்டிக்கு அரை எச்.பி. மோட்டார் ஒத்துவருமா என்று பாருங்கள். ஒத்துவந்தால், கேஸில் 2.25 கிலோவாட்டுக்குக் குறையாமல் தரும் எந்திரம் போதும். அதோடு சேஞ்ச்ஓவர் சுவிட்ச், ஒரு 19 கிலோ சிலிண்டர், ஒரு உலோகக் கேன் வாங்குங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பே, வீட்டிலிருந்து 20 அடி தள்ளி அந்த நான்கு கால் பந்தலைப் போட்டுவிடுங்கள்.